அந்தப் பழைய பொட்டியும் என் தொண்டையும்

அருளு,

நாளைக்குக் காலையில எனக்கு ஆப்பரேஷன். நீ சனிக்கிழமை பினாங்கிலேர்ந்து பஸ் பிடிச்சு வந்து சேர்றப்ப அம்மாகிட்ட குரல் இருக்காது. உன்னைக் கேக்காம, உனக்கு ஒரு போன்கூடப் பண்ணாம கையெழுத்துப் போட்டது நான்தான். அப்பாவைத் திட்டாத. அவரு காடியை ஓட்டிக்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான் அவரு செஞ்ச தப்பு. இங்க அலோர்ஸ்டார்ல, மெர்கோங்ல இருக்கற சித்தியையும் திட்டாத. அவ வீட்டுல ஒரு ராத்திரி தங்கினேன், காலையில கஞ்சி வச்சுக் குடுத்தா, அழுதா, வேற ஒன்னும் செய்யல. கோவம் வந்தா முழுசா என் மேலயே வரட்டும். "வேற பொட்டி வர்ற வரைக்கும் பொறும்மா"ன்னு நீ சொன்ன. நான் பொறுக்கல. ஏன் பொறுக்கலன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கடுதாசி. இதை யாரு படிச்சாலும் படிக்கட்டும், சித்தி படிக்கட்டும், உன் கூட்டாளிங்க படிக்கட்டும், எனக்கு ஒளிக்கறதுக்கு ஒன்னும் இல்ல.

இந்த வார்டுல உக்கார முடியலடா. மேல ஃபேன் கடகடன்னு சுத்துது, காத்து மட்டும் வரல. எழுந்து ஜன்னலுக்குப் போறேன், வர்றேன், ரெண்டு வரி எழுதறேன், திரும்ப எழுந்து போறேன். பக்கத்துக் கட்டில்ல யான்ங்கற ஊர்லேர்ந்து வந்த மலாய்க்கார அம்மா ஒருத்தங்க, கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருக்காங்க. "யாருக்கு எழுதறே?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் அனாக்குக்கு, என் மகனுக்குன்னு சொன்னா, "ரொம்ப தூரத்துல இருக்கானா?"ங்கறாங்க. பினாங்குன்னு சொன்னேன். இந்தா இருக்கற பினாங்குக்கா இம்புட்டு நீளக் கடுதாசின்னு சிரிக்கிறாங்க. நர்சு மிஸி வந்து, "படுங்க ஆண்ட்டி, ஓய்வு எடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. எங்கேர்ந்து ஓய்வு வரும்? உள்ளுக்குள்ள எலி ஓடற மாதிரி இருக்கு.

உனக்குத் தெரிஞ்ச கதையத்தான் திரும்பச் சொல்லப் போறேன். ஆனா அது என் பக்கத்துலேர்ந்து எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. போன வருசக் கடைசியில தொண்டை கட்டுச்சு. பாக்கார் ஆராங் பாசார்ல காய்கறி விக்கிறவளுக்குத் தொண்டை கட்டாம வேற என்ன கட்டும்? எல்லாரும் அப்படித்தான்லா சொன்னாங்க. மிளகுப்பால் குடிச்சேன், தேன் குடிச்சேன், ஞாயித்துக்கிழமை பூசையில பாடாம வாயை மூடிக்கிட்டு நின்னேன். எதிர்க்கடை சீனத்தி ஏதோ கசப்புத் தூள் குடுத்தா, அதையும் முழுங்கினேன். குரல் தேங்காய் துருவற மாதிரி ஆயிப்போச்சு. அப்புறம்தான் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனதும், அங்கேர்ந்து அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதும். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, மலாய்க்காரப் பொண்ணு, மெதுவாப் பேசினாங்க. தொண்டையில புத்து இருக்கு, குரல் வர்ற இடத்தையே எடுத்தாகணும், கழுத்துல ஒரு துளை போட்டு அது வழியா மூச்சு விடணும்னு சொன்னாங்க. அப்பா சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான் பாசார்ல எப்படி விக்கிறது?"ன்னு. டாக்டரம்மா நான் வெளையாடறேன்னு நெனச்சாங்க.

நீ அன்னிக்கு வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, சாப்பிடாமக் கொள்ளாம நேரா உன் ரூமுக்குப் போன. அந்தப் பொட்டி முன்னால உக்காந்த. கம்ப்யூட்டருன்னு நீ சொல்லுவ, எனக்கு அது பொட்டிதான். உன் ஃபேக்டரிக் கூட்டாளி புதுசு வாங்கிட்டு உன் தலையில கட்டின பழசு. தைவான்ல யாரோ யாரையோ பாத்து நகல் எடுத்த சாமான். கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்து, "அம்மா, உன் குரலை இதுக்குள்ள வச்சுடலாம்மா"ன்னு சொன்ன. ஒவ்வொரு சொல்லா நான் பேசணும், பொட்டி அதைப் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் கலர் காகிதம் ஒட்டின பட்டனை அமுக்கினா என் குரல்லயே அந்தச் சொல்லு வரும்னு விளக்கின. இதுக்குக் கேசட் போதாதாடான்னு கேட்டேன். "கேசட்ல தேடிப் பிடிக்கிறதுக்குள்ள எதுத்தாப்ல நிக்கிறவன் போயிடுவான்மா. வேணுங்கற சொல்லு அந்த நொடியில வரணும்"ன்ன. நியாயம்தான்னு பட்டுச்சு. என் மகன் எனக்கு வாய் செஞ்சு தரப் போறான்னு மறுநாள் பாசார் முழுக்கச் சொல்லிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு, பொய் சொல்லல.

ஆனா குரலைப் பிடிக்கிற அந்தப் புரோகிராமுக்கு வாய் பெருசு, நம்ம பொட்டிக்கு வயிறு சின்னது. பினாங்குல யார்கிட்டயோ டிஸ்க்குல வாங்கிட்டு வந்து போட்ட, இன்னும் மெமரி வேணும்னு ஒரு வரி எழுதிக் காட்டிட்டு நின்னுபோச்சு. பஸ் ஸ்டேஷன் பக்கத்துல ரேடியோச் சாமான் விக்கிற காதர் அண்ணன் கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போன. அவரு பொட்டி விவரத்தைக் கேட்டுட்டு, "தம்பி, இது கெழம்யா. கெழத்துத் தலையில இவ்வளவு சொமையா?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, அந்த மெமரி அட்டையைப் பினாங்குலேர்ந்து வரவழைச்சு வித்தும் போட்டாரு, யாவாரி ஆச்சே. அட்டை வர ஒரு வாரம் ஆகும்னாரு. நீ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அம்மாவுக்குச் சளிக் காய்ச்சல், ஒரு வாரம் தள்ளி வைங்கன்னு சொன்ன. ஒரு வாரம்தானேன்னு நானும் சும்மா இருந்தேன்.

அட்டை வந்துச்சு, போட்ட, பொட்டி சூடாச்சு. அதைக் கழட்டி மூடியில்லாம வச்சு மேசை ஃபேனை அது மேல திருப்பி விட்ட. பொட்டி நின்னு வேலை செஞ்சுச்சு, ஆனா நான் மைக்கில பேசினதுக்குள்ள எல்லாம் ஃபேன் சத்தம். நான் "வாங்க"ன்னா அது "ஹ்ர்ர்ர்வாங்க"ங்குது. ஃபேனை நிறுத்திட்டுப் பதிஞ்சா, சூடு தாங்காம பாதியில திரை இருட்டாயிடுது. சரி, கரண்ட் குடுக்கற பாகம் பத்தலன்னு அதை மாத்தணும்ன, அதுக்கு இன்னொரு வாரம். அதை மாத்தினா டிஸ்க் டிரைவ் படிக்க மாட்டேங்குது, க்ரீச் க்ரீச்சுன்னு கத்திட்டு நிக்கிது. அதுக்கும் ஒரு வாரம். டி.வி. பெட்டியைப் பொட்டிக்குத் திரையா மாட்டி வச்சதால அப்பா தமிழ்ப் படம் பாக்க முடியாம பக்கத்து வீட்டு வாசல்ல போய் நின்னாரு. "அம்மாவும் மகனும் சேந்து என்னைப் பைத்தியமாக்கித்தான் விடுவீங்க"ன்னு அவரு கத்தினது நியாபகம் இருக்கா? ஒவ்வொரு தடவையும் நீ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணின. காய்ச்சல், வீட்டுல விசேஷம், காடி ரிப்பேருன்னு நாள் தள்ளிக்கிட்டே போச்சு.

நீ அப்ப எனக்கு ஒன்னு சொல்லிக் குடுத்த, அது எனக்கு நல்லாப் புரிஞ்சுச்சு. குரலைக் கெட்டியாப் பிடிச்சா கொஞ்சம் சொல்லுதான் கொள்ளும், தண்ணியாப் பிடிச்சா நெறையச் சொல்லு கொள்ளும், ஆனா சத்தம் கெட்டுப்போகும்னு சொன்ன. தேங்காய்ப் பால்தானேன்னு சொன்னேன். மொதப் பால் கொஞ்சம்தான் வரும், மூணாம் பால் சட்டி நெறைய வரும், குழம்புக்கு ருசி இருக்காது. நீ சிரிச்ச. ரொம்ப நாளுக்கு அப்புறம் சிரிச்ச. மூணாம் பால்ல என் குரலைப் போட்டுக் காட்டின. ஐயோ, போலீஸ்காரன் கையில இருக்கற ரேடியோவுல யாரோ ஒரு கெழவன் பேசற மாதிரி இருந்துச்சு. வேணாம்டா, கொஞ்சம் சொல்லு இருந்தா போதும், நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். "எல்லாச் சொல்லும் வேணும், நல்லாவும் இருக்கணும்மா"ன்ன. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

சொல்லுக்குத்தான் பெரிய சண்டை. நீ எனக்காக எழுதி வச்சிருந்தது என்ன? தண்ணி, வலிக்குது, தூக்கம் வருது, நன்றி, ஆமா, இல்ல. ஏன்டா, இது பேசறது உன் அம்மாவா, ஆஸ்பத்திரிக் கட்டிலா? பொறந்ததிலேர்ந்து நான் உனக்கு எப்ப நன்றி சொன்னேன்? எனக்கு "டேய்" வேணும்னேன். "ஏங்க" வேணும், அப்பாவைக் கூப்பிடறதுக்கு. "பசியாறிட்டியா" வேணும். "போதும்லா" வேணும். "கதவைச் சாத்து" வேணும், நீ கதவைச் சாத்தவே மாட்ட. "அடப்பாவி" கண்டிப்பா வேணும், அது இல்லாம பாசார்ல ஒரு நாள் ஓடாது. "அடப்பாவி எதுக்கும்மா, அதுக்கு ஒரு நொடி இடம் போயிடும்"னு நீ மல்லுக்கு நின்ன. பாசாருக்குப் பொட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாதுங்கறதுகூட அப்ப ரெண்டு பேருக்கும் தோணல பாரு. வலிக்குதுன்னு சொல்றதுக்கு எனக்கு மூஞ்சி இருக்குடா. மூஞ்சியால சொல்ல முடியாததை மட்டும் உள்ள வைன்னு சொன்னேன்.

மிஸி இப்ப வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயிடுச்சு. பஞ்சை அமுக்கிக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணினா கண்டுக்காத.

புக்கிட் செலம்பாவ் ரப்பர்த் தோட்டத்துல இருந்தப்ப நடந்த ஒன்னு இங்க உக்காந்ததுலேர்ந்து மனசுல சுத்திக்கிட்டு இருக்கு. எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ, உனக்குப் பத்து வயசுகூட ஆகல. அப்பா பழைய சைக்கிள் ஒன்னு கொண்டாந்தாரு, பள்ளிக்கூடம் போறதுக்கு. நீ அதைத் தொட்டுத் தடவி நம்ம வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால தலைகீழா நிறுத்தின. மொதல்ல பிரேக் ரப்பர் சரியில்லன்ன. அது வந்ததும் துரு சொரண்டி நீலப் பெயிண்ட் அடிக்கணும்ன. பெயிண்ட் காஞ்சதும் மணி இல்லாம எப்படிப் போறதுன்ன. அத்தனை நாளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போன, மழையில நனைஞ்சுக்கிட்டுப் போன. எல்லாம் சரியாகி நீ ஏறி உக்காந்தப்ப உன் கால் வளந்துபோயிருந்துச்சு, முட்டி ரெண்டும் ஹேண்டில்ல இடிக்குது. லயமே கைகொட்டிச் சிரிச்சுச்சு. நான்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல.

உன்னை மட்டும் சொல்றேன்னு நெனைக்காத. பாடாங் பெசார்ல ஆசையா வாங்கின பூப்போட்ட கண்ணாடித் தட்டு இன்னும் காகிதத்துல சுத்தி அலமாரியில இருக்கு. நல்ல நாள் வரட்டும், நல்ல ஆளு வரட்டும்னு வச்சுட்டேன், நாமெல்லாம் பிளாஸ்டிக் மங்குல சாப்பிட்டுட்டோம். ஃபாதர் வீட்டுக்கு வந்தப்பகூட எடுக்கல, இன்னும் பெரிய விசேஷம் வரும்னு. உன் ரத்தத்துல இருக்கறது என் ரத்தம்தானே, வேற எங்கேர்ந்து உனக்கு வந்திருக்கும்? எதையும் கைக்கு வந்த மாதிரி எடுத்துப் பொழங்கத் தெரியாத குடும்பம்டா நம்மளுது. உனக்குப் புத்தி சொல்லணும்னு உக்காந்தா இந்த ஒரு புத்திதான் எனக்கு வருது, இருக்கறதை எடுத்துப் பொழங்கு.

இப்ப சொல்றதைக் கோவிச்சுக்காமப் படி. அந்தப் பொட்டி ஒவ்வொரு தடவை படுத்தப்பவும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஆமா, சந்தோசம். டிஸ்க் கத்தினா நீ தலையில கை வச்சுக்குவ, நான் அடுப்படிக்குப் போயி மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவேன், இன்னும் ஒரு வாரம் ஆப்பரேஷன் கத்தி வராதுன்னு. பயம்டா. இந்த வாயால நான் யாருக்கும் பயந்ததில்ல, தோட்டத்து மேனேஜரையே எதுத்துப் பேசினவ நான், ஆனா கழுத்துல துளைங்கறதுக்குப் பயந்தேன். பொட்டி சரியாகட்டும்னு வெளிய சொல்லிக்கிட்டு, சரியாகக் கூடாதுன்னு உள்ள வேண்டிக்கிட்டேன். அதுக்குள்ள எச்சில்ல ரத்தம் வந்துச்சு. உங்கிட்ட மறைச்சேன், அப்பாகிட்ட மறைக்க முடியல. அவருதான் என்னைச் செக்கப்புக்கு இழுத்துட்டு வந்தாரு. தொண்டைக்குள்ள பாத்ததும் டாக்டரம்மா முகமே மாறிப்போச்சு. மெதுவாப் பேசற பொண்ணு அன்னிக்குச் சத்தம் போட்டுச்சு. "ஜாங்ஙான் துங்கு லாகி, மக்சிக்! இனிமே காத்திருக்காதீங்கம்மா! எதுக்காகத்தான் காத்திருக்கீங்க?" ஒரு கம்ப்யூட்டருக்காகன்னு எந்த வாயால சொல்றது?

அப்பக்கூட நான் கையெழுத்துப் போடலயே. ஞாயித்துக்கிழமை நீ வருவ, பொட்டி எப்படியும் தயாராயிடும்னு சொல்லியிருந்த, அதுக்காக வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை பொட்டி தயாராத்தான் இருந்துச்சு. பூசை முடிஞ்சு வந்தோம். நீ மூடியைத் திறந்து வச்சு, ஃபேனை விட்டு ஆற வச்சு, ஃபேனை நிறுத்தி, சட்டுன்னு "பேசும்மா"ன்ன. நான் பேசினேன். சூடு ஏறறதுக்குள்ள ஒரு சொல்லு, திரும்ப ஃபேன், திரும்ப ஒரு சொல்லு. வேர்த்துக் கொட்டுது ரெண்டு பேருக்கும். அப்பா தெருவுல ஐஸ்கிரீம்காரன் மணி அடிக்காம இருக்க வாசல்ல காவல் நின்னாரு. நீ கேட்டதெல்லாம் கொள்ளல, நான் சொன்ன ஆறேழு சொல்லு கொண்டுச்சு, மொதப் பாலா கெட்டியா. மத்தியானம் நீ ஒரு பட்டனை அமுக்கினே பாரு, "பசியாறிட்டியா"ன்னு கேட்டுச்சு. என் குரல்டா அது. தொண்டை கட்டின குரல்தான், ஆனா என் குரல். அப்பா வாசல்லேர்ந்து, "பசியாறி எவ்வளவு நேரமாச்சு, சோறு போடு"ன்னு பதில் சொன்னாரு, நான் கேட்டேன்னு நெனச்சு. நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவ்வளவுதான், வேலை முடிஞ்சுச்சு, பொட்டியால முடிஞ்சதைப் பொட்டி செஞ்சிருச்சுன்னு நான் நெனச்சேன்.

நீ அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே சொன்ன, "அம்மா, இது போதாதும்மா. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு கூட்டாளி வேற மெஷின் கொண்டு வர்றான், அதுல இதை மாதிரி பத்து மடங்கு கொள்ளும், முழு வாக்கியமே பேசலாம். ரெண்டு வாரம் மட்டும் பொறும்மா." நீ என் மூஞ்சியைப் பாக்கல. பொட்டியைப் பாத்துத்தான் சொன்ன.

அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. சிங்கப்பூர் மெஷின் வந்தா அதுக்கு ஒரு புரோகிராம் வேணும்ப, புரோகிராம் வந்தா அதுக்கு ஒரு அட்டை வேணும்ப. உனக்கு மெஷினும் வேணாம், மெமரியும் வேணாம். அம்மா ஆப்பரேஷன் ரூமுக்குள்ள போகக் கூடாது, அதான் உனக்கு வேணும். எனக்கும் அதேதான் வேணும். ரெண்டு பயந்தாங்கொள்ளி ஒரு பழைய பொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். யாராவது ஒருத்தர் எழுந்திரிக்கணும்ல? நீ எழுந்திரிக்க மாட்ட. நீ புள்ள, உன்னால முடியாது, அதுல தப்பில்ல. சரிப்பா ரெண்டு வாரம்தானேன்னு உங்கிட்டத் தலையாட்டினேன். நீ பினாங்கு பஸ் ஏறினதும் அப்பாகிட்ட, காடியை எடுங்க, நாளைக்கு அலோர்ஸ்டார் போறோம்னு சொன்னேன். அவரு போயி டயருக்குக் காத்து அடிச்சுட்டு வந்தாரு.

இப்ப மணி நாலு இருக்கும். சாயந்தரத்துக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம். பக்கத்துக் கட்டில் அம்மா தூங்கிட்டாங்க. வராந்தாக் கோடியில காசு போன் ஒன்னு இருக்கு, சித்தி கை நெறையச் சில்லறை குடுத்துட்டுப் போயிருக்கா. "புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசிடுக்கா, அவன் உன்னை மன்னிக்கவே மாட்டான்"னு அழுதுட்டுப் போனா. உன் ஃபேக்டரி நம்பர் எனக்கு மனப்பாடம். போன் வரைக்கும் நடக்கறேன், அதைத் தொடறேன், திரும்பி வர்றேன். காலையிலேர்ந்து இதே வேலை. நீ லைன்ல வந்து "அம்மா"ன்னு சொன்னாப் போதும், நான் துணியை மாத்திக்கிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு ஓடி வந்துடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கடைசியா ஒரு தடவை அம்மா நேர்ல பேசிக் கேக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. அதை நான் உங்கிட்டேர்ந்து பிடுங்கிட்டேன். ஆப்பரேஷனுக்குக் கோவப்படாத, இதுக்குக் கோவப்படு, இது நியாயமான கோவம். ஆனா உனக்கு என் குரலைக் குடுக்கறதா, என்னைக் குடுக்கறதான்னு வந்தா, என்னைத்தான்டா குடுப்பேன். டாக்டரம்மா எல்லாம் நல்லபடியா முடியும்னு சொல்றாங்க, நான் நம்பறேன். நம்பாம இருந்தா இந்தப் பேனாவைப் பிடிச்சிருக்க மாட்டேன்.

சிங்கப்பூர்க்காரனுக்கு வேணாம்னு சொல்லிடு. பொட்டியை அப்படியே வை, கழட்டாத, அது இன்னும் நல்லாப் பேசணும்னு அதுல கை வைக்காத. அந்த ஆறேழு சொல்லு எனக்குத் தாராளமாப் போதும், மீதிக்குச் சிலேட்டு இருக்கு, கை இருக்கு. பாசார்ல விலையை அட்டையில எழுதி மாட்டிக்கறேன். பேரம் பேச முடியாதுன்னா யாவாரம் நல்லாவே நடக்கும்னு அப்பா சொல்றாரு, அவருக்கு இப்பத்தான் வாய் நீண்டிருக்கு.

சனிக்கிழமை வர்றப்ப வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்காத, நேரா உள்ள வா. என் கழுத்தைப் பாத்து மூஞ்சியைத் திருப்பாத, பாக்க நல்லா இருக்காதுதான், பாத்துக்க, பழகிடும். எங்கிட்டக் கத்திப் பேசாத, எனக்குக் காது போகல. முழிச்சதும் வாய் தானாப் பேசப் பாக்குமாம், சத்தம் வராதாம், அப்ப பதறக் கூடாதாம். நான் பதறுவேன், எனக்குத் தெரியும். அதனால நீ கட்டில் ஓரமா உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசு. மெஷின் கதை வேணாம். பயமா இருந்துச்சும்மான்னு சொல்லு. ஏன்மா சொல்லாமப் போனேன்னு திட்டு. ஃபேக்டரியில என்ன சமைச்சுப் போட்டாங்க, யாரு உங்கூடச் சண்டை போட்டா, எந்தப் பொண்ணு உன்னைப் பாத்துச் சிரிச்சா, எதையாவது சொல்லு. இத்தனை வருசம் நம்ம வீட்டுல நான் பேசினேன், நீங்க கேட்டீங்க. சனிக்கிழமையிலேர்ந்து நீ பேசு, நான் கேக்கறேன். நான் பதில் சொல்லலைன்னு பாதியில நிறுத்திடாத.

அம்மா